துப்பாக்கித் தொலைநோக்கி

துப்பாக்கித் தொலைநோக்கி என்பது மரைகுழல் துப்பாக்கியின் மேல் பொருத்தப்பட்டு, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டிக் குறி பார்க்க உதவும் ஒளியியல் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்கோப் எனப்படுகிறது. இக்கருவி குறி பார்ப்பதில் நேரும் பிழையைக் குறைக்கிறதே அன்றி, துப்பாக்கியின் இயல்பான துல்லியத்தை உயர்த்துவதில்லை. வேட்டையில் குறி தவறினால் விலங்கு உடனே இறவாமல் காயத்துடன் ஓடித் துன்புறும். ஆதலால் வேட்டைக்கான கருவியில் உருப்பெருக்கத்தைவிட நம்பகத்தன்மையே முதன்மையானது.

வரலாறு

பொறியாளர் ஜான் சாப்மன் 1840களில் அமெரிக்காவில் வெளியிட்ட நூல், இத்தகைய கருவி பற்றிய தொடக்ககால விவரிப்புகளுள் ஒன்றாகும். 1855இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் வில்லியம் மால்கம் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கினார். 1880இல் ஆஸ்திரிய வனத்துறை அலுவலரான ஆகஸ்ட் பீட்லர் நடைமுறைக்கு ஏற்ற ஒரு கருவியை உருவாக்கினார். 1947இல் அமெரிக்காவின் லூப்போல்ட் நிறுவனம், குழலுக்குள் நைட்ரஜன் நிரப்பி, உட்புறம் பனி படியாத கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அமைப்பு

இலக்கை நோக்கியுள்ள பொருளருகு வில்லை ஒளியைச் சேர்க்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை இடையிலுள்ள வில்லைகள் நிமிர்த்துகின்றன. கண்ணருகு வில்லை வழியே பிம்பமும் குறுக்குக் கம்பிகளும் ஒருங்கே தெரிகின்றன. மேலும் பக்கவாட்டிலும் உள்ள திருகுகள் குறியை மாற்றப் பயன்படுகின்றன. பல கருவிகளில் திருகின் ஒரு சொடுக்கு 0.1 மில்லிரேடியன் ஆகும். இது 100 மீட்டர் தொலைவில் 1 சென்டிமீட்டருக்குச் சமம்.

குறி பொருத்துதல்

துப்பாக்கியை மணல் பையின் மீது தாங்கி, ஒரே புள்ளியை நோக்கி மூன்று முறை சுட வேண்டும். துளைகளின் நடுப்புள்ளி 100 மீட்டரில் 7 செ.மீ. கீழும் 4 செ.மீ. இடப்புறமும் இருந்தால், திருகுகளை மேல் நோக்கி 7, வலம் நோக்கி 4 சொடுக்குகள் திருப்ப வேண்டும். தனித்தனித் துளைகளைப் பார்த்துத் திருத்துவது தவறு.

துளைகள் பரவிக் கிடக்கும் அளவைத் திருகுகளால் குறைக்க இயலாது. 100 மீட்டரில் 3 செ.மீ. பரவல், 300 மீட்டரில் குறைந்தது 9 செ.மீ. ஆகும். பரவல் திடீரென மிகுந்தால், பிடிப்பு வளையங்களின் திருகுகள் தளர்ந்துள்ளனவா என முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய குழல் சூடேறும்போது குறி விலகக்கூடும். எனவே இடைவெளி விட்டுச் சுடுதல் நன்று. தோட்டா வகையை மாற்றினால் குறியை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

தேர்வு செய்தல்

- ஒளி: பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×56 கருவியில் இது 7 மி.மீ.; அந்தி நேரத்திற்கு ஏற்றது. 9×40 கருவியில் ஏறத்தாழ 4.4 மி.மீ. மட்டுமே.
- உருப்பெருக்கம்: இது மிகும்போது காட்சிப் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அடர்ந்த காட்டில் குறைந்த உருப்பெருக்கமே உதவும்.
- கண் இடைவெளி: பின்னுதைப்பில் கருவி புருவத்தைத் தாக்காதவாறு ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ. இடைவெளி தேவை.
- திருகுகளின் உண்மைத்தன்மை: ஒரே புள்ளியைக் குறி பார்த்து, ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் மேல், வலம், கீழ், இடம் என முறையே 20 சொடுக்குகள் திருப்பிச் சுட்டால் துளைகள் சதுரமாக அமைய வேண்டும். ஐந்தாவது தோட்டா முதல் துளையருகே விழாத கருவியை நம்ப இயலாது.

பாதுகாப்பு

இக்கருவி திரும்பும் பக்கமெல்லாம் துப்பாக்கிக் குழலும் திரும்பும். எனவே தொலைவில் அசைவது மனிதரா விலங்கா என்று அறிய இதனைப் பயன்படுத்தலாகாது. அதற்குத் தனியான இருகண் நோக்கியே தக்கது.