கப்பா: பாரம்பரியத்துக்கு வயசு எவ்வளவு?

கேரளச் சாப்பாடுன்னா நம்மாளுங்க முதல்ல கேக்கறது கப்பாவும் மீன் கறியும்தான். ஓட்டல்ல வாழையிலை விரிச்சு, மண்சட்டியில வச்சு, 'பாரம்பரிய உணவு'ன்னு பரிமாறுறாங்க. அந்தப் 'பாரம்பரியம்'ங்கிற வார்த்தையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

கப்பான்னா நம்ம மரவள்ளிக்கிழங்கு. கேரளத்திலேயே வடக்கே பூளன்னும் தெற்கே மரச்சீனின்னும் சொல்வாங்க. கன்னியாகுமரி மாவட்டத்திலயும் மரச்சீனிதான். 1949 வரைக்கும் அது திருவிதாங்கூர்தானே!

கிழங்கோட பூர்வீகம் தென் அமெரிக்கா. திருவிதாங்கூர்ல அதைப் பரப்பினவர்னு சொல்லப்படுறவர் 1880ல் பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாள் மகாராஜா. விஷம்னு ஜனங்க பயந்தப்போ அரண்மனையிலேயே சமைச்சு, மகாராஜாவே சாப்பிட்டுக் காட்டினார்னு ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பயத்துல நியாயம் இருக்கு. இந்தக் கிழங்குல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. அதனாலதான் நிறைய தண்ணியில, மூடி போடாம வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுறாங்க. மலையாளி அடுக்களையில இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனா கப்பாவை வீடு வீடா கொண்டுபோய்ச் சேர்த்தது மகாராஜா இல்லை, யுத்தம். திருவிதாங்கூர் நிலத்துல தென்னை, மிளகு, ரப்பர்னு காசுப்பயிர் ஏறிக்கிட்டே போச்சு. அரிசிக்கு பர்மாவை நம்பி இருந்தாங்க. 1942 மார்ச்சுல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு. அரிசிக் கப்பல் நின்னுபோச்சு. அப்புறம் ரேஷன், பசி. அந்த நேரத்துல கொல்லையில, மேட்டுல, மானாவாரியா விளையுற இந்தக் கிழங்குதான் கைகொடுத்துச்சு.

அதுலயும் ஒரு சிக்கல். பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாள்ல கெட்டுப்போகும். அதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் வாட்டுக்கப்பா. தோல் சீவி, நறுக்கி, அரைவேக்காடு வேகவச்சு, வெயில்ல காயப்போட்டு எடுத்து வைக்கிறது. அக்கம்பக்கத்தாரெல்லாம் சேர்ந்து செய்யுற வேலை. வேலையும் இல்லாம அரிசியும் இல்லாம மழை கொட்டுற கர்க்கடக மாசத்துக்கு, அதாவது நம்ம ஆடிக்கு, அதுதான் சேமிப்பு.

இப்போ மீன் கறிக்கு வருவோம். கப்பாவுல இருக்கிறது பெரும்பாலும் மாவுச்சத்துதான், புரதம் ரொம்பக் குறைவு. அன்னைக்கு மலிவா கிடைச்சது மத்தி மீன். குடம்புளி போட்டு வச்ச மத்திக் குழம்பு பக்கத்துல வந்ததுக்கு ருசி மட்டும் காரணம் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். அது பக்கத்துல இருந்ததாலதான் உடம்பு தாங்குச்சு.

ஓணம் சத்யா இலையை ஒருமுறை கவனிச்சுப் பாருங்க. இருபதுக்கும் மேல பதார்த்தம் வைப்பாங்க. காளன் இருக்கும், அவியல் இருக்கும், சேனைக்கிழங்கு கூட இருக்கும். கப்பா இருக்காது. இல்லாதவன் சாப்பாடுன்னு பேர் வாங்கினதுக்கு அந்த இலையில இன்னைக்கும் இடம் கிடையாது. ஆனா அஞ்சு நட்சத்திர ஓட்டல் மெனுவுல அதுக்குத் தனி விலை போட்டிருக்காங்க.

மத்தியோட கதை இதைவிடப் பெருசு. அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.