பத்துப் பிள்ளைகளும் ஒரு கூடையும்

சி ரூசா வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் விளையாட்டு என்றாலே காற்பந்துதான். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து. கூடைப்பந்தைச் சீனப் பள்ளிகளின் ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டோம். இந்தப் பிரிவினையைச் செய்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மாணவர் தொகை குறைந்து, பதினொருவர் கொண்ட ஒரு குழுவைத் திரட்ட இயலாமற்போன ஆண்டில்தான் கூடைப்பந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அவ்வரலாறு ஓர் ஆசிரியரின் தொல்லையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. 1891ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியே ஆட முடியாது. உள்ளே நாள்தோறும் ஒரே வகை உடற்பயிற்சி செய்து சலித்துப்போன பதினெட்டு மாணவர்கள். அவ்வகுப்பைக் கட்டியாள முடியாமல் இரண்டு ஆசிரியர்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்தனர். மூன்றாவதாக அனுப்பப்பட்டவர் கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நைஸ்மித். துறைத் தலைவர் லூதர் குலிக் அவருக்கு அளித்த தவணை இரண்டே வாரம்.

வெளியே ஆடும் ஆட்டங்களைக் கூடத்துக்குள் ஆடவிட்டுப் பார்த்தார், அடிபட்டதுதான் மிச்சம். பிறகு உட்கார்ந்து சிந்தித்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவனைத்தான் மற்றவர் பாய்ந்து வீழ்த்துகின்றனர். ஆகவே பந்துடன் ஓடக் கூடாது. இலக்கு நேர் எதிரே நின்றால் பலங்கொண்ட மட்டும் எறியத் தோன்றும். ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே, வாய் வானத்தை நோக்கும்படி வைக்க வேண்டும். இளமையில் பாறைமேல் வைத்த கல்லை வீழ்த்தி ஆடிய ஆட்டத்தில், விசையாக எறிந்தவனைவிட வளைத்து எறிந்தவனே வென்றான் என்பது அவர் நினைவுக்கு வந்தது. இரண்டு பெட்டிகள் வேண்டுமென்று பள்ளிக் காவலாளரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப்பழக் கூடைகள் இருந்தன. பெட்டி கிடைத்திருந்தால் இந்த ஆட்டத்தின் பெயர் என்னவாகியிருக்குமோ! மாடத்தின் விளிம்பில் கூடைகளை அறைந்தார்கள். அந்த விளிம்பின் உயரம் 10 அடி. உலகெங்கும் வளையம் இன்றும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. 13 விதிகள் எழுதப்பட்டன. டிசம்பர் 21ஆம் நாள் முதல் ஆட்டம் நடந்தது. பக்கத்துக்கு ஒன்பது பேர். விழுந்தது ஒரே ஒரு கூடை.

ஒன்பது என்னும் கணக்கு எந்தச் சாத்திரத்திலும் இல்லை. வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தனர், அவ்வளவே. ஆட்டத்துக்கேற்ற மாணவரை அவர் தேடவில்லை. இருக்கிற மாணவருக்கேற்ப ஆட்டத்தைத் தைத்தார். பக்கத்துக்கு ஐவர் என்னும் இன்றைய வழக்கம் 1897இல் நிலைபெற்றது.

ஐந்தும் ஐந்தும் பத்து. நம் தோட்டப் பள்ளிகளுக்கும் இந்த எண்ணுக்கும் பழைய உறவு உண்டு. நெகிரி செம்பிலானையும் உள்ளடக்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டும் என்றது. நாம் பள்ளிகளாகப் பிறந்ததே ஒரு கூடைப்பந்தாட்டத்துக்குப் போதுமான தொகையில்தான்.

பயிற்றுநர் என்ற முறையில் நைஸ்மித்தை மதிப்பிடுவோர் நகைப்பதுண்டு. 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகம் சென்ற அவர், அங்குப் பயிற்றுவித்த ஆண்டுகளில் 55 ஆட்டங்களில் வெற்றியும் 60இல் தோல்வியும் கண்டார். இந்த ஆட்டத்துக்குப் பயிற்சி எதற்கு, ஆடினால் போதுமே என்று தம் மாணவர் பாக் ஆலனிடம் அவர் கூறியதாகச் சொல்வர். அந்த ஆலனோ பயிற்சிக் கலையின் தந்தை எனப் பெயர் பெற்றார். ஆயினும் 1930களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் அங்குப் பயில வந்தபோது, நிறத்தின் காரணமாகப் பல்கலைக்கழகக் குழுவில் அவருக்கு இடமில்லை. அவருக்கு வழிகாட்டியாக நின்றவர் முதியவர் நைஸ்மித்தே. மெக்லெண்டன் பின்னாளில் புகழ்மிக்க பயிற்றுநரானார். 55க்கும் 60க்கும் நடுவே இந்தக் கணக்கை எங்கே எழுதுவது?

தமிழகத்துக்கு வருவோம். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளரும் அவரே. 1943இல் அவர் மறைந்தபோது விட்டுச் சென்ற செல்வம் பதக்கங்கள் அல்ல, ஆசிரியர்கள்.

ஆசிரியப் பயிற்சியில் உடற்கல்வி எனக்கும் கற்பிக்கப்பட்டது. கற்றதைக் கைவிட்டவனும் நானே. தேர்வு நெருங்கினால் உடற்கல்வி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவேன், பெற்றோரும் பாராட்டினர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தை இனித் திருப்பித் தர இயலாது.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆடும் சிறுவர் கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், பந்தும் சிறியது. அந்த அளவுக்கே ஓர் இரும்பு வளையத்தைத் தாழ்த்திக் கட்டினோம். நெடிய பையன்கள் முகம் சுளித்தனர். மண் திடலில், மழைக்குப் பின் பந்து எகிறாது. எகிறாத பந்தை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது, ஐயா என்று கேட்டார்கள். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டமே மழையில், மண் தரையில்தான் நடந்தது என்று சொன்னேன். அமெரிக்கா கனடாவை 19–8 என்ற கணக்கில் வென்ற அந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியவில்லை. கைம்மாற்றித்தான் ஆடினார்கள். எழுபத்து நான்கு வயதில் நைஸ்மித்தும் அவ்விளையாட்டு விழாவுக்குச் சென்றிருந்தார்.

பிள்ளைகள் எவ்வளவு நம்பினார்களோ தெரியாது. மழை விட்டதும் இறங்கினார்கள். பத்துப் பேர், அவர்களுள் நான்கு பெண்பிள்ளைகள். பந்து சேற்றில் விழாமல் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.