சுவிட்சில் போக்குவரத்து முன்னுரிமை

நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டில் நெரிசல் ஏற்படும்போது எந்தப் பாக்கெட் முதலில் போகும் என்பதை வகுக்கும் அமைப்பு, புழக்கத்தில் கியூ.ஓ.எஸ். நெரிசல் இல்லையென்றால் இதற்கு வேலையே இல்லை. இணைப்பின் வேகத்தை இது கூட்டுவதுமில்லை. ஈதர்நெட்டின் வி.லேன் குறியில் 3 பிட்களும் (0–7), ஐ.பி. தலைப்பில் 6 பிட்களும் (0–63) முன்னுரிமையைச் சுமக்கின்றன. குரலுக்கு வழக்கமாக முறையே 5, 46.

தீபாவளி நேரத்துத் தி.நகர் ஜவுளிக்கடையில் பில்லிங், கேமரா, ஐ.பி. போன் மூன்றும் ஒரே அப்லிங்க்கில் முட்டிக்கொள்ளும். பில் ஒரு நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. குரல் ஒருவழியில் 150 மில்லிவினாடியைத் தாண்டினால் உரையாடல் இடறத் தொடங்கும். எனவே குரலுக்குக் கறாரான முன்னுரிமை வரிசை, அதற்கும் ஓர் உச்சவரம்பு. மற்றவற்றுக்கு எடையிட்ட சுழற்சி. சில சுவிட்சுகள் கியூ.ஓ.எஸ்.ஸை இயக்கியதும் வரும் முன்னுரிமைக் குறிகளையெல்லாம் 0 ஆக்கிவிடும். அதனால் போன் மாட்டிய போர்ட்டில் குறியை நம்பும்படி தனியே சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.