சாரலும் புகையும்

குற்றாலம் என்றால் எல்லாருக்கும் அருவி நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது புகை.

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், தென்காசியில் எங்கள் ஆச்சி வீடு விருந்தாளிகளால் நிறைந்துவிடும். நல்ல காற்றை நாலு நாள் சுவாசித்தால் உடம்பு தேறும் என்று ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களும் அதே நம்பிக்கையில்தான் குற்றாலத்தில் பங்களா கட்டினார்கள்.

அருவியில் குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் நாங்கள் குளிர் காய ஓடுவது அடுக்களைக்கு. சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். நனைந்த விறகு தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே சூட்டைச் செலவழித்துவிட்டு, எரியாமல் புகையும். ஆச்சி ஊதுகுழலும் கையுமாக இருமிக்கொண்டிருப்பாள்.

"கண்ணு கரிக்கலையா ஆச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போலே! புகையாத அடுப்பும் உண்டுமா?" என்றாள்.

பத்து நிமிஷத்தில் நாங்கள் திண்ணைக்குப் போய்விடுவோம். ஆச்சி அங்கேயே இருப்பாள். கடைசிக் காலத்தில் அவள் கால்கள் வீங்கின. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பார்த்த வைத்தியர், "சாரல் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். நாங்களும் நம்பினோம்.

சீமையிலும் குளிருக்கு நெருப்புத்தான் துணை. 1952 டிசம்பர் 5-ஆம் தேதி முதல் ஐந்து நாள் லண்டனில் காற்று அசையவில்லை. குளிர் காய வீட்டுக்கு வீடு எரித்த நிலக்கரியின் புகை, ஆலைப் புகையோடு கலந்து, மூடுபனிக்குள் சிக்கித் தெருவிலேயே தங்கிவிட்டது. 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். 12,000 பேர் இருக்கலாம் என்கிறது பின்னால் வந்த ஆராய்ச்சி. 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் பிறந்தது. தெருவை அடைத்த புகை. ஆகவே பார்லிமெண்டின் கண்ணிலும் பட்டது.

அடுக்களைப் புகையோ நாலு சுவருக்குள் அடங்கியது. அதைக் கவனிக்க ஒரு பெண் டாக்டர் வேண்டியிருந்தது. பர்மாவில் பிறந்து, யுத்தத்துக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த குடும்பத்தவர் எஸ். பத்மாவதி. பிற்பாடு இருதய நிபுணராகி டில்லியில் பணியாற்றியபோது, நுரையீரல் கெட்டு, அதன் விளைவாக இருதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளரும் நோயை அவர் ஆராய்ந்தார். பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு வருவது போலவே, அந்தப் பழக்கம் குறைந்த பெண்களுக்கும் அது வந்திருந்தது. சிறு வயது முதல் அடுப்படியில் சுவாசித்த புகையை அவர் 1959-ல் சுட்டிக் காட்டினார். 1981-ல் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர், குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டிப் புகையை அளந்தார். ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் வந்தது 2016-ல்.

ஆச்சி கேட்டாளே, புகையாத அடுப்பு, அதுவும் இருந்திருக்கிறது! ஹைதராபாத் என்ஜினீயர் எஸ். பி. ராஜு, புகைபோக்கி வைத்த அடுப்பை 1950-களிலேயே நூல் எழுதிப் பரப்ப முயன்றார். எங்கள் தெரு வரை அது வந்து சேரவில்லை.

இந்த நோய் முற்றினால் கால் வீங்கும் என்று படித்த அன்று, மேலே படிக்க எனக்கு ஓடவில்லை. ஆச்சிக்கு வந்தது அதுதானா? இனி யார் சொல்ல முடியும்? நல்ல காற்றைத் தேடி அத்தனை பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. பாவம், சாரலின் மேல் பழியைப் போட்டோம்.