எம்டன் குந்தாரப்பள்ளிக்கு வந்த கதை

சரித்திரம் என்பது நடந்தவற்றின் கணக்கு என்று பள்ளியில் படிக்கிறோம். நடக்காதவற்றுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பத்திரிகையில் ஒரு தலைப்பு வெளிவருகிறது. அதன் கீழுள்ள செய்தியைச் சிலர் படிக்கின்றனர். ஏனையோர் தலைப்பை மட்டும் செவியுற்று, மிச்சத்தைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்கின்றனர். அவ்வாறு நிரப்பியவற்றைத் தலைப்பு பெற்ற பிள்ளைகள் என்று நான் சொல்வேன். பழைய தலைப்பு ஒன்று எத்தனை பிள்ளைகளைப் பெற்றிருக்கக்கூடும் என்று இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி அளவில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் அருகே வந்தது. ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். அரை மணி நேரத்தில் கப்பல் இருளில் மறைந்தது. சென்னைக்கு அது மீண்டும் வரவே இல்லை. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளின் அருகே, சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அது அழிந்தது. ஆனால் சென்னையில் மூண்ட அச்சம் அரை மணியில் அடங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறினர். கப்பல் போயிற்று, அதன் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. கெட்டிக்காரனையும் எத்தனையும் 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா?

இனி நேயர்கள் என்னுடன் குந்தாரப்பள்ளிக்கு வரவேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் ஆட்டுச் சந்தை பெயர் பெற்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதி. அந்தச் சந்தையை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுபோய் வைப்போம். சென்னைப் பத்திரிகை ஒன்று ரயிலேறித் திருப்பத்தூர் வருகிறது. அங்கிருந்து அந்நாளில் ஓடிய சிறிய ரயிலில் கிருஷ்ணகிரியை அடைகிறது. அங்கிருந்து யாரோ ஒருவரின் மடியில் இருந்தபடி சந்தைக்கு வந்து சேருகிறது. இனி வருவன யாவும் என் கற்பனையே.

புளியமரத்தடியில் ஒருவர் உரக்கப் படிக்கிறார்: "சென்னையில் எம்டன் கப்பல்! எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன!"

சற்றுத் தள்ளி நின்ற பெரியவரின் காதில் எம்டன் 'எமன்' ஆகிறான். கப்பல் 'கப்பம்' ஆகிறது. "எமன் கப்பம் கேட்கிறானாம்" என்று அவர் அடுத்தவரிடம் சொல்கிறார். பாரமகாலில் இது நம்பத்தகாத செய்தியன்று. ஐதர் அலி வாங்கினார், திப்பு சுல்தான் வாங்கினார், 1792-க்குப் பின் கம்பெனியார் வாங்கினர். இப்போது எமன் முறை போலும்! "தலைக்கு எத்தனை ஆடு?" என்பதே அடுத்தவரின் கேள்வி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் குறுக்கிடுகிறான். "தாத்தா, அது கப்பல். கடல் இங்கிருந்து நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. நாமோ ஆயிரத்தைந்நூறு அடிக்கு மேல் இருக்கிறோம். கப்பல் மேடு ஏறுமா?"

"ரயில் ஏறி வந்துவிட்டதே, அப்பா! கப்பல் மட்டும் ஏறாதா?" என்கிறார் பெரியவர். பையனிடம் பதில் இல்லை.

இதற்குள் தெலுங்கிலும் கன்னடத்திலும் செய்தி புறப்பட்டுவிட்டது. மொழிக்கு ஒரு கப்பலாக மூன்று கப்பல்கள் ஆயின. எண்ணெய் எரிந்ததென்றால் இனி விளக்கு இல்லை. கடலில் பகைவன் இருந்தால் உப்பும் வராது. ஆகவே உப்பின் விலை ஏறுகிறது. கப்பத்துக்குப் போகிற ஆட்டை வைத்திருப்பானேன்? ஆட்டின் விலை இறங்குகிறது. தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைத் தொட்டுப் பேரம் முடிக்கின்றனர். வெளியே கலவரம், துண்டுக்குள்ளே நிதானம். கைம்பெண் ஒருத்தி தன் இரண்டு ஆடுகளைப் பாதி விலைக்கு விற்று, உப்பை இரட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். சனிக்கிழமை கப்பல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஆடுகளும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிடுகிறது. எம்டன் வீசிய குண்டு ஒன்றும் குந்தாரப்பள்ளியில் விழவில்லை. ஆயினும் அங்கே ஒரு குடும்பம் நட்டம் அடைந்தது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடலாமா? வானொலியையும் சேர்த்தே சொல்கிறேன். 1979-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெயப்பிரகாஷ் நாராயணர் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் அறிவித்தார். வானொலியும் அதனை ஒலிபரப்பியது. அவை ஒத்திவைக்கப்பட்டது, கடைகள் மூடப்பட்டன. அவரோ பம்பாய் மருத்துவமனையில் உயிருடன் இருந்தார். அவர் மறைந்தது அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள்.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேறொரு எம்டன் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்த் தலைப்புகளும், தொடர்பற்ற படக்காட்சிகளும் பரவின. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் சென்ற கூட்டமும் அஞ்சி ஓடும் கூட்டமாகக் காட்டப்பட்டது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. செய்தி பொய் என்று தெளிவாயிற்று. ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரையுள்ள தொழிற்சாலைகளில் வடநாட்டுத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். அவர்களை எண்ணி ஆயிரம் மைலுக்கு அப்பால் தாய்மார்கள் கலங்கியதற்குக் காரணம் சில வரித் தலைப்புகளே.

மாணவ நண்பர்களே, புளியமரத்தடிப் பையனுக்கு வழி தெரிந்திருந்தது. ஆனால் அவன் பாதியில் நின்றுவிட்டான். கப்பல் ஏறுமா என்று கேட்டவன், கண்டவர் யார், அது இப்போது எங்கே இருக்கிறது, இந்த அச்சத்தால் ஆதாயம் அடைபவர் யார் என்றும் கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால் தரகரின் துண்டு சற்றே விலகியிருக்கும். தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் ஆட்டை விற்றுவிடாதீர்கள். செய்தியின் கடைசி வரி வரை பொறுத்திருங்கள்.