ஒரு குழந்தையின் மரணமும் பத்திரிகைத் தருமமும்



1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி இரவு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, ஹோப்வெல் என்னும் ஊருக்கு அண்மையிலிருந்த ஒரு வீட்டின் மாடியறையிலிருந்து 20 மாதக் குழந்தையொன்று கடத்திச் செல்லப்பட்டது. வெளியே ஓர் ஏணி கிடந்தது; சாளரத்தருகே 50,000 டொலர் கேட்டு எழுதிய கடிதமொன்று இருந்தது. குழந்தையின் தந்தை சார்ள்ஸ் லிண்ட்பேர்க். 1927இல் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் வரை தன்னந்தனியே, எங்கும் இறங்காது, விமானஞ் செலுத்திய வீரர் அவர். அவருடைய புகழை வீடுதோறும் கொண்டுசென்றவை பத்திரிகைகளே. அதே பத்திரிகைகள் அவர் வீட்டுத் துயரத்தை எவ்வாறு கையாண்டன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு அப்பொழுது தடிமன். கடத்தியவர்கள் எவராயினும் உணவையாவது ஒழுங்காகக் கொடுக்கட்டும் என்று எண்ணிய தாய், அதற்கு ஊட்டவேண்டிய உணவுகளின் விவரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அவை அதனை முதற் பக்கத்தில் வெளியிட்டன. பாலின் அளவு முதலாக ஒரு தாயின் சமையற்கூடக் குறிப்பு நாடெங்கும் அச்சேறியது. அச்சுயந்திரத்தினால் ஆகக்கூடிய தொண்டு இதனிலும் பெரிதாக வேறென்ன இருக்கக்கூடும்?

ஏப்பிரல் மாதத்திற் பணம் கொடுக்கப்பட்டது. குழந்தை வரவில்லை. மே 12ஆந் திகதி, வீட்டிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள், மரங்கள் அடர்ந்த ஓரிடத்திலே அதன் உடல் கண்டெடுக்கப்பட்டது. உடல் ட்ரென்டன் நகரத்துப் பிணவறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. புகைப்படக்காரர் அங்கே அத்துமீறி நுழைந்து அவ்வுடலைப் படம் பிடித்தனர். அப்படத்தின் பிரதிகள் இரகசியமாக விலைக்கு விற்கப்பட்டன. விற்றவர்களை மட்டும் பழித்து நாம் அமைதிகொள்ள முடியாது. வாங்கினாருமல்லவா இருந்தனர்! தந்தை உடலைத் தகனஞ் செய்வித்துச் சாம்பலைக் கடலிலே தூவினார். கல்லறையென்று ஒன்று இருந்தால் அங்கும் கூட்டம் கூடும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

1935ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி, பிளெமிங்டன் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தில் புறூனோ ஹோப்ட்மன் என்ற தச்சுத் தொழிலாளிமீது கொலை வழக்குத் தொடங்கியது. நிருபர்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தனர். வீதியிலே சிற்றேணிகளைச் செய்து ஞாபகப் பொருளாக விற்றார்கள். ஒரு குழந்தையைக் கொல்லுவதற்குத் துணையான கருவியின் பொம்மை அது! மன்று கூடியிருக்கும்போது படம் பிடித்தலாகாதென நீதிபதி ட்ரென்சார்ட் விதித்திருந்தார். எனினும் மறைத்துவைத்த கமராவினால் சாட்சியங்கள் பிடிக்கப்பட்டுப் படமாளிகைகளிலே காட்டப்பட்டன. மகனின் உடைகளை இன்னவையென அடையாளங் கூறத் தாயும் சாட்சிக் கூண்டேற வேண்டியிருந்தது.

பெப்புருவரி 13ஆந் திகதி இரவு தீர்ப்பு வந்தது. அதை முந்திக் கொடுக்கும் அவசரத்தில், புகழ்பெற்ற அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் ஆயுட்சிறை என்று செய்தி அனுப்பிவிட்டது. உண்மையில் விதிக்கப்பட்டது மரணதண்டனை. 1936 ஏப்பிரல் 3ஆந் திகதி அது நிறைவேறிய இரவிலே வானொலியும் பின்னிற்கவில்லை. நேரம் தாமதித்தபடியால், கேப்ரியல் ஹீற்றர் என்னும் அறிவிப்பாளர் எழுதிவைத்த குறிப்பெதுவுமின்றி நெடுநேரம் பேசிக்கொண்டேயிருந்தார்; மக்களும் கேட்டுக்கொண்டேயிருந்தனர். வானொலியில் இருந்து பேசும் நான் இதனை மறைத்தல் முறையன்று.

இவ்வமளியின் பின் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1937இல் ஒரு நெறியை வகுத்தது. 35ஆம் நெறி என்பது அதன் பெயர். நீதிமன்றத்தில் படம் பிடித்தலையும் ஒலிபரப்புதலையும் அது விலக்கியது. 1952இல் தொலைக்காட்சியும் அதனுள் அடங்கியது. பல மாநிலங்கள் பல்லாண்டு அதனைப் பின்பற்றின. மாநிலங்கள் விரும்பின் கமராவை அனுமதிக்கலாமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1981இல் தீர்த்தபின் நிலை மாறிவிட்டது. என் கருத்தில் அந்நெறி நல்லதே. ஆயினும் அது காத்தது மன்றின் மாண்பை. பிணவறைக் கதவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இறந்த குழந்தைக்கு வழக்குரைக்க வாயில்லை. அதற்காக நெறி வகுக்க எந்தச் சங்கமும் அன்று முன்வந்ததாகத் தெரியவில்லை.

உயிரோடிருந்த குழந்தையின் கதையும் ஒன்றுண்டு. லிண்ட்பேர்க் தம்பதிகளுக்கு 1932 ஓகஸ்டில் இரண்டாவது மகன் பிறந்தான். மூன்று வயதில் அவன் பாலர் பள்ளியிலிருந்து ஆசிரியையுடன் மோட்டார் வண்டியில் வீடு திரும்பும்போது, வேறொரு வண்டி வழிமறித்து அவர்களை வீதியோரத்தில் ஒதுக்கியது. உள்ளேயிருந்து குதித்தவர்கள் கடத்தற்காரர்கள் அல்லர், புகைப்படக்காரர்கள். அஞ்சி நடுங்கிய ஆசிரியைக்கு அந்த வேறுபாடு அவ்வேளையில் எப்படித் தெரியும்? அதன்பின் சிறுவன் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. பள்ளிக்கூடமொன்றை நடத்துபவனாகிய எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் உறுத்துவது இந்த இடமே.

1935 டிசெம்பர் 22ஆந் திகதி, பொழுது விடியுமுன், அக்குடும்பம் சரக்குக் கப்பலொன்றில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதனை முன்கூட்டியே அறிந்த பத்திரிகையாளர் ஒருவர் இருந்தார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் லோரன் லைமன் அவர். லிண்ட்பேர்க்கே நம்பிச் சொல்லியிருந்தார். ஏனைய நிருபர்கள் துறைமுகத்துக்கு ஓடிவந்திருக்கக்கூடிய அச்செய்தியை அவர் அடக்கிவைத்து, கப்பல் நடுக்கடலை நோக்கிச் சென்றபின், மறுநாட் காலைப் பதிப்பிலே வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்காக அவருக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.