களனியிலிருந்து ரொஸ்மீட் பிளேஸ் வரை

1956 ஏப்ரலில் இலங்கையின் சிங்களக் கிராமங்களில், வாக்குக் கேட்டு வந்தவர்களை மக்கள் எழுந்து கும்பிட்டு வரவேற்றார்கள். வந்தவர்கள் பிக்குகள். அதுவரை நிலக்கிழாரின் செல்வாக்கும் ஊர்ப் பெரியவரின் சொல்லும்தான் தேர்தலைத் தீர்மானித்தன. இப்போதோ பிரித் ஓதவும் இறுதிச் சடங்குக்கும் வருகிற விகாரைத் துறவியே வாசலில் நின்று, இன்ன கட்சிக்குப் போடுங்கள் என்கிறார். மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்?

துறவிக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வி அப்போதே பத்து ஆண்டுப் பழையது. 1946-இல் வித்யாலங்கார பிரிவெனா என்ற துறவியர் கல்லூரியின் பிக்குகள், அரசியலும் தங்கள் கடமைதான் என்று பிரகடனம் செய்தார்கள். அதே ஆண்டில் வல்பொல ராகுல தேரர் அதற்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். பின்னர் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்க அதை வன்மையாக எதிர்த்தார். ஆனால் அவர் 1952-இல் இறந்துவிட்டார். நாடு புத்த ஜயந்தியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டுகள் நிறைவதைக் குறிப்பது ஜயந்தி. அதே நாளில்தான் விஜயன் இலங்கைக் கரையில் இறங்கினான் என்பது மகாவம்சத்தின் கூற்று. ஆகவே சிங்களவர்களுக்கு அது சமயத்துக்கும் இனத்துக்கும் ஒரே பிறந்தநாள். மொழிக் கோரிக்கையும் மதக் கோரிக்கையும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொண்டது இங்கேதான்.

கோரிக்கைகளின் பின்னால் உண்மையான மனக்குறை இருந்தது. அரசு உதவி பெற்ற மிஷன் பள்ளிகளும் ஆங்கிலமும் உயர் பதவிகளும் நீண்ட காலமாகக் கிறிஸ்தவர்களுக்கே சாதகமாக இருந்தன. அகில இலங்கை பௌத்த காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு 1956 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்பு, தன் அறிக்கையை வெளியிட்டது. பௌத்தம் வஞ்சிக்கப்பட்டது என்பதே அதன் சாரம். அந்த வலியைப் பொய் என்று ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. வலியைத் தேர்தல் எந்திரமாக மாற்றியபோதுதான் விபரீதம் தொடங்கியது.

அந்த எந்திரத்தின் பெயர் எக்சத் பிக்கு பெரமுன. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர், களனி ராஜமகா விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித தேரர். பிக்குகள் வைத்த பத்து அம்சத் திட்டத்தை எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஏற்றுக்கொண்டார். ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, பின்னர் பௌத்தரானவர் அவர். பிரதமர் கொத்தலாவலவின் ஐக்கிய தேசியக் கட்சியும் பிப்ரவரியில் களனியில் கூடி, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று அவசரமாக நிலை மாறியது, யாரும் நம்பவில்லை. கொத்தலாவல யானை மீதேறி புத்தரைத் தாக்க வருவதாக ஒரு சித்திரம் ஊர் ஊராகப் பரவியது. புத்தரை எதிர்த்த மாரனின் சேனை என்று அதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. யானை அந்தக் கட்சியின் சின்னமும்கூட.

95 இடங்களில் பண்டாரநாயக்கவின் கூட்டணி 51-ஐ வென்றது. ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது 8. களனியில் அக்கட்சிக்காக நின்ற ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் தோற்றார்.

வென்ற பண்டாரநாயக்க விரைவிலேயே தன் வாக்குறுதியின் எடையை உணர்ந்தார். ஆட்சிமொழி மசோதாவில் தமிழின் நியாயமான பயன்பாட்டுக்குச் சில பிரிவுகளைச் சேர்க்க நினைத்தார். எஃப்.ஆர். ஜயசூரிய என்ற பல்கலைக்கழக ஆசிரியர் உண்ணாவிரதம் இருந்தார்; பிரிவுகள் நீக்கப்பட்டன. ஜூன் 5-ஆம் தேதி காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் தாக்கியது. வன்முறை கிழக்கே கல்லோயா வரை பரவி உயிர்களைப் பலிகொண்டது.

அப்படியும் பண்டாரநாயக்க சமரசத்துக்கு முயன்றார் என்பதை மறக்கக் கூடாது. 1957 ஜூலை 26-இல் தமிழரசுக் கட்சியின் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கு நிர்வாகத்தில் தமிழ், குடியேற்றத் திட்டங்களில் பிராந்திய சபைகளுக்கு அதிகாரம் என்று அதில் இருந்தவை அளவானவை. செல்வநாயகம் கிறிஸ்தவர். இந்துக்களே பெரும்பான்மையாக வாழ்ந்த காங்கேசன்துறை 1956 முதல் அவரைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. மதத்தை வாக்காக்காமலும் ஒரு மக்கள் தலைவர் உருவாக முடியும் என்பதற்கு அதே தீவில் கண்முன்னே சாட்சி இருந்தது.

ஒப்பந்தத்துக்கு எதிராக முதலில் நடந்தது ஜே.ஆரின் நடைப்பயணம். 1957 அக்டோபரில் கண்டி தலதா மாளிகையில் வழிபடப் போவதாக அவர் கிளம்பினார். இம்புல்கொடவில் ஆளுங்கட்சி உறுப்பினர் எஸ்.டி. பண்டாரநாயக்க ஆட்களுடன் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார். பிரதமர் பண்டாரநாயக்க கற்றுத் தந்த வழியில் எதிர்க்கட்சியும் நடக்கத் தொடங்கியதற்கு அதுவே அறிகுறி. ஆறு மாதத்தில் எண்பலகையில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து பொறித்த பேருந்துகள் வடக்கே போயின. அங்கே அந்த எழுத்தில் தார் பூசினார்கள். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் விழுந்தது.

1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் கூட்டமாக வந்து, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் இருந்த பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுங்கள், அதையும் எழுத்தில் தாருங்கள் என்பது கோரிக்கை. மாலைக்குள் எழுத்தில் தந்தார். இரண்டாண்டுக்கு முன் வீடு வீடாகப் போய் அவருக்கு வாக்குச் சேர்த்த அமைப்பு, இப்போது அவர் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்தது. கட்சிக்காரர்கள் எதிர்த்திருந்தால் பேரம் பேசியிருக்கலாம். பாதியை விட்டுப் பாதியைக் காப்பாற்றியிருக்கலாம். தர்மத்தின் பேரால் வாங்கிய வாக்கில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது எப்படி? அவருடைய ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் துரோகமாகவே பார்க்கப்பட்டது. அடுத்த மாதம் நாடெங்கும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், அவசரநிலை வந்தது. ஆகஸ்டில் தமிழ்மொழிச் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் நிறைவேறியும், அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1966 வரை வரவில்லை.

1959 செப்டம்பர் 25 காலை, அதே வீட்டுத் தாழ்வாரத்தில் தல்துவே சோமராம தேரர் காத்திருந்தார். ஆயுர்வேதக் கண் வைத்தியர். பண்டாரநாயக்க குனிந்து வணங்கினார். தேரர் துப்பாக்கியால் சுட்டார். மருத்துவமனையிலிருந்து தந்த செய்தியில், சுட்டவர் மீது கருணை காட்டுமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். மறுநாள் இறந்தார். சதியின் மூளை புத்தரக்கித என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கப்பல் தொழிலிலும் சர்க்கரை ஆலையிலும் எதிர்பார்த்த அரசுச் சலுகைகள் கைகூடாத ஆத்திரம் வழக்கில் வெளிவந்தது. பக்தியோடு நடந்து வாக்குச் சேகரித்த ஆயிரக்கணக்கான எளிய பிக்குகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர்களுடைய நம்பிக்கையால் கிடைத்த அதிகாரத்தை ஒரு விகாரைத் தலைவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

இந்தப் படுகொலையும் யாரையும் நிறுத்தவில்லை. 1960-61-இல், கொல்லப்பட்டவரின் மனைவி சிறிமாவோவின் ஆட்சி, அரசு உதவிபெறும் பள்ளிகளைக் கையகப்படுத்தியது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து அமர்ந்து எதிர்த்தார்கள். 1966-இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நாலு கலைகளைப் பின்பற்றும் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. உலக வணிகத்தோடு நாள் ஒத்துப்போகாமல் 1971-இல் மீண்டும் ஞாயிறே வந்தது. சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி, டட்லியின் ஐக்கிய தேசியக் கட்சி என்ற வேறுபாடு இதில் இல்லை.

1972 மே 22-இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, அதைப் பேணுவதை அரசின் கடமையாக்கியது. அதை வடிவமைத்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956-இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரு நாடு பிறக்கும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்த இடதுசாரி. 1972 அக்டோபரில் செல்வநாயகம் தன் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, புதிய அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சவால் விட்டார். அந்தத் தேர்தலை 1975 பிப்ரவரி வரை அரசு நடத்தவில்லை.

(தொடரும்)